இளைப்பாறிக் காணும் வரலாறு

நுழையும்முன்

விடுமுறை நாளில் குடும்பத்தோடு ஒரு வரலாற்றுச் சின்னத்தைக் கண்டுவருவது மகிழ்ச்சி தருவது. எனினும், பல பயணங்கள் ஓட்டத்தில் தொடங்கிக் களைப்பில் முடிகின்றன. முதியோர் ஊர்தியிலேயே அமர்ந்துவிடுகின்றனர், சிறுவர் சலிப்படைகின்றனர், உணவு சமைத்துச் சுமந்த தாய்க்கு அது மற்றொரு வேலைநாளாகிவிடுகிறது. ஒரு நாள் பயணத்தை எல்லார்க்கும் இனியதாக்குவது எப்படி? மாமல்லபுரத்திற்குச் செல்லத் திட்டமிடும் ஒரு குடும்பத்தின் வழியே இதனை விளக்குகிறது இக்கட்டுரை.

பாட்டியின் மறுப்பு

காஞ்சிபுரத்தில் வாழும் நெசவாளர் குடும்பம் அது. தந்தை, தாய், பதினோராம் வகுப்புப் பயிலும் மகள், ஒன்பது வயது மகன், எழுபதைக் கடந்த பாட்டி என ஐவர். தறியை ஒரு நாள் நிறுத்தினால் அன்றைய வருவாய் இல்லை. ஆகவே, ஆண்டுக்கு ஒருமுறை வெளியூர் சென்றுவருவதே அவர்களுக்கு அரிது. "சென்ற ஆண்டு பார்க்காததை எல்லாம் இந்த ஆண்டு பார்த்துவிடலாம்" என்று தை மாதத்தில் ஒரு நாள் தந்தை தொடங்கினார். பாட்டி உடனே, "நீங்கள் போய்வாருங்கள், நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்" என்றார்.

சென்ற ஆண்டுப் பயணத்தை மகள் எண்ணிப் பார்த்தாள். வாடகை வேனில் ஒரே நாளில் ஐந்து இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் இறங்குவதும், ஒளிப்படம் எடுப்பதும், ஏறுவதுமாகப் பொழுது கழிந்தது. மூட்டுவலியால் பாட்டி மூன்று இடங்களில் இறங்கவே இல்லை. வேனின் சன்னலோரத்தில் அமர்ந்து மற்றவர் திரும்பும்வரை காத்திருந்தார். தம்மால் பிறர் தாமதிக்க நேர்கிறதே என்ற தயக்கம் அவர் முகத்தில் தெரிந்தது. வீடு திரும்பியபின் எதைக் கண்டோம் என்று கேட்டால், ஒரு கோவிலின் கோபுரத்தையும் மற்றொன்றின் குளத்தையும் தம்பி மாற்றி மாற்றிச் சொன்னான்.

பாட்டி மறுத்தது பயணத்தில் விருப்பம் இல்லாமையால் அன்று. பிறர்க்குச் சுமையாக இருந்துவிடக் கூடாது என்ற எண்ணத்தால். இதை உணர்ந்த மகள், "இந்த முறை நான் திட்டமிடுகிறேன், அப்பா. பாட்டி வரும்படி திட்டமிடுகிறேன்" என்றாள். தந்தை ஒப்புக்கொண்டார். அன்று மாலை அவள் தன் குறிப்பேட்டில் எழுதிய முதல் வரி: 'ஒரு நாள், ஓர் ஊர், மூன்று இடங்கள்.'

உடன்வருவோரை அறிதல்

பயணத் திட்டம் என்றதும் ஊர்களின் பட்டியலை எழுதத் தொடங்குவது பலரின் வழக்கம். அதற்கு முன்பு எழுதப்பட வேண்டியது உடன்வருவோரின் பட்டியல். யாரால் எவ்வளவு தொலைவு நடக்க இயலும்? யார் எந்த வேளையில் மருந்து உட்கொள்ள வேண்டும்? யாருக்கு எதில் ஆர்வம்? இவ்வினாக்களுக்கு விடை கிடைத்த பின்னரே இடத்தைப் பற்றிச் சிந்திக்க வேண்டும்.

மகள் ஒவ்வொருவரிடமும் ஒரே வினாவைக் கேட்டாள்: "அந்த நாளில் உங்களுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று என்றால் எது?" தம்பி, பாறைச் சரிவில் உருண்டுவிடுவதுபோல் நிற்கும் பெரிய கல்லைத் தொட்டுப்பார்க்க வேண்டும் என்றான். பட்டில் யாளியும் அன்னமும் நெய்த கைகளை உடைய தந்தை, கல்லில் அவற்றை எப்படிச் செதுக்கினார்கள் என்பதைப் பார்க்க விரும்பினார். தாய் சற்றுத் தயங்கிவிட்டு, "அன்று விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து சமைக்காமல் இருந்தால் போதும்" என்றார். பாட்டியோ, "கடலைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார வேண்டும்" என்றார்.

இவ்விடைகளே திட்டத்தின் அடித்தளம் ஆயின. ஒவ்வொருவரின் விருப்பத்தில் ஒன்றேனும் நிறைவேறும் நாள்தான் குடும்பத்தின் நாளாக அமையும். குழுவின் வேகத்தை அதில் மெதுவாக நடப்பவரே முடிவுசெய்ய வேண்டும் என்பது பயணத் திட்டமிடலின் முதல் நெறி. வேகமாக நடப்பவரால் மெதுவாக நடக்க முடியும். மெதுவாக நடப்பவரால் வேகமாக நடக்க முடியாது.

இடத்தை அறிதல்

பல்லவர்களின் தலைநகரம் காஞ்சி. அவர்களின் துறைமுக நகரம் மாமல்லபுரம். 'மாமல்லன்' என்னும் சிறப்புப் பெயர் முதலாம் நரசிம்மவர்மனுக்கு உரியது. காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக ஏறத்தாழ 65 கி.மீ. தொலைவில் மாமல்லபுரம் உள்ளது. பேருந்தில் இரண்டு மணிநேர அளவில் சென்றுசேரலாம். போகவும் வரவும் நான்கு மணிநேரத்திற்கு மேல் ஆகாத இடமே ஒரு நாள் பயணத்திற்கு ஏற்றது. தொலைவு கூடுந்தோறும் இருக்கையில் அமர்ந்திருக்கும் நேரம் பெருகும். இடத்தைக் காணும் நேரம் சுருங்கும்.

மாமல்லபுரத்தில் குடைவரைகள், ஒற்றைக்கல் கோவில்கள், கட்டுமானக் கோவில்கள், புடைப்புச் சிற்பத் தொகுதிகள் எனக் கோவிற்கலையின் பல வகைகளும் ஒரே ஊரில் அமைந்துள்ளன. பாறையைக் குடைந்து உருவாக்குவது குடைவரை. ஒரே பாறையை வெளிப்புறமாகச் செதுக்கிக் கோவில் வடிவம் தருவது ஒற்றைக்கல் கோவில். வெட்டியெடுத்த கற்களை அடுக்கிக் கட்டுவது கட்டுமானக் கோவில். பாறையில் கோவிலைச் செதுக்கிய காலத்திலிருந்து கற்களால் கோவிலைக் கட்டிய காலத்திற்குக் கலை நகர்ந்த பாதையை இங்கு நடந்தே காணலாம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் காண முயன்றால் சென்ற ஆண்டின் கதையே மீண்டும் நிகழும். எனவே, வகைக்கு ஒன்றாகத் தேர்ந்தெடுத்தாள் மகள். புடைப்புச் சிற்பத்திற்கு அர்ச்சுனன் தபசு. கட்டுமானக் கோவிலுக்குக் கடற்கரைக் கோவில். ஒற்றைக்கல் கோவிலுக்கு ஐந்து இரதங்கள். அர்ச்சுனன் தபசின் அருகிலேயே கிருஷ்ண மண்டபம் இருப்பதால் அதையும் சேர்த்துக்கொண்டாள். குன்றின்மீது ஏறிக் காண வேண்டிய மகிடாசுரமர்த்தினி குடைவரையையும், சில கி.மீ. வடக்கே சாளுவன்குப்பத்தில் உள்ள புலிக்குகையையும் பிறிதொரு நாளுக்கென ஒதுக்கிவைத்தாள். விட்டுவைத்த இடங்கள் இழந்த இடங்கள் ஆகா. அவை மீண்டும் வருவதற்கான காரணங்கள்.

தெரிந்து தெளிவோம்

மாமல்லபுரத்தின் நினைவுச்சின்னங்கள் 1984ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்கள் பட்டியலில் இடம்பெற்றன. அவ்வூரில் இன்றும் தொடரும் கற்சிற்பத் தொழிலுக்கு 2017ஆம் ஆண்டு புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. கட்டடக்கலையும் சிற்பக்கலையும் பயிற்றும் அரசுக் கல்லூரி ஒன்றும் அங்கு இயங்குகிறது.

காலத்தை அறிதல்

பயணத்திற்கான பருவத்தைத் தேர்வதில் இரண்டைக் கருத வேண்டும்: வெயில், கூட்டம். கடலோர ஊரான மாமல்லபுரத்தில் சித்திரை, வைகாசி மாதங்களில் வெப்பத்தோடு புழுக்கமும் மிகுதி. ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் வடகிழக்குப் பருவமழைக்கு உரியவை. மார்கழி முதல் மாசி வரையிலான நாள்கள் இதமானவை. ஆனால், அந்நாள்களிலும் காணும் பொங்கலன்று கடற்கரை ஊர்களில் மக்கள் வெள்ளம் திரளும். முதியோரையும் சிறுவரையும் அழைத்துச் செல்வோர் அந்நாளைத் தவிர்ப்பது நலம். தந்தையின் தொழில் வார விடுமுறையைச் சார்ந்தது அன்று. மகளுக்கும் மகனுக்கும் தேர்வுகள் முடிந்த பின் ஒரு செவ்வாய்க்கிழமை உள்ளூர் விடுமுறையாக அமைந்தது. வேலைநாளில் கூட்டம் குறைவாக இருக்கும் என்பதால் அந்நாளே முடிவாயிற்று.

நாளுக்குள்ளும் வேளையைப் பார்க்க வேண்டும். அர்ச்சுனன் தபசுப் பாறை கிழக்கு நோக்கியது. காலை வெயில் நேராக அதன்மீது படும்போது உருவங்கள் தெளிவாகத் துலங்கும். கடற்கரைக் கோவிலைச் சூழ்ந்த வெளியில் நிழல் குறைவு. வெயில் ஏறுமுன் அங்குச் சென்றுவிட வேண்டும். ஐந்து இரதங்கள் நிற்கும் இடம் மணற்பாங்கானது. நண்பகலில் மணல் சுடும். பிற்பகல் சாய்ந்த பின் செல்வதே நன்று. இவ்வாறு கதிரவனின் போக்கை ஒட்டிப் பார்வையிடும் வரிசையை அமைத்தால் பாதிக் களைப்பு குறைந்துவிடும்.

நிகழ்நிரல்

மகள் எழுதிய நிகழ்நிரல் ஒரு பக்கத்திற்குள் அடங்கியது.

காலை 6.00 – காஞ்சிபுரத்திலிருந்து புறப்படுதல்.
காலை 8.00 – மாமல்லபுரம் சேர்தல், உணவகத்தில் காலையுணவு.
காலை 8.45 – அர்ச்சுனன் தபசு, கிருஷ்ண மண்டபம்.
காலை 10.00 – கடற்கரைக் கோவில். பாட்டி விரும்பும் நேரம்வரை கடலைப் பார்த்து அமர்தல்.
காலை 11.30 – நிழலில் இளைப்பாறல். விரும்புவோர் குன்றின் சரிவில் உள்ள வெண்ணெய் உருண்டைக் கல்லைக் காணல்.
நண்பகல் 1.00 – உணவு, ஓய்வு.
பிற்பகல் 3.45 – ஐந்து இரதங்கள்.
மாலை 5.30 – திரும்புதல்.

இந்நிரலில் கவனிக்கத்தக்கவை மூன்று. முதலாவது, இரு இடங்களுக்கு இடையே வெற்று நேரம் விடப்பட்டுள்ளது. பேருந்து தாமதித்தாலும், தம்பி ஓரிடத்தில் கூடுதல் நேரம் நின்றாலும் அடுத்த நிகழ்வு குலையாது. இரண்டாவது, நண்பகலில் இரண்டு மணிநேரத்திற்கு மேல் ஓய்வு. மூன்றாவது, குழு சிறிது நேரம் பிரியவும் இடமுண்டு. தந்தையும் தம்பியும் பாறையைக் காணச் செல்லும்போது பாட்டியும் தாயும் மரநிழலில் இருக்கலாம். எல்லாரும் எல்லாவற்றையும் காண வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. யாரும் தனித்து விடப்படக் கூடாது என்பதே வேண்டப்படுவது.

ஊருக்குள் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு ஆட்டோவில் செல்வதெனத் தீர்மானித்தனர். ஐந்து இரதங்கள் ஊரின் தென்புறத்தில் ஒரு கி.மீ.க்குச் சற்று மேற்பட்ட தொலைவில் உள்ளன. அத்தொலைவு சிறுவனுக்கு விளையாட்டு. பாட்டிக்கு அந்நாளின் வலிமை முழுவதும் செலவாகும் தொலைவு.

உணவும் சுமையும் செலவும்

தாயின் விருப்பம் திட்டத்தில் இரண்டு மாற்றங்களைச் செய்தது. காலையுணவை உணவகத்தில் முடித்துக்கொள்வது என்பது ஒன்று. நண்பகலுக்குப் புளியோதரை மட்டும் எடுத்துச் செல்வது என்பது மற்றொன்று. புளிக்காய்ச்சலை முதல்நாளே தந்தை செய்துவைத்தார். சோற்றை ஆறவைத்துக் கிளறும் பணியை மகள் ஏற்றாள். பாத்திரங்களைக் கழுவியது தம்பி. வீட்டில் ஒருவர் ஓய்வாக இருப்பதற்காக மற்றொருவர் உறக்கத்தை இழப்பாராயின் அது இளைப்பாறும் பயணம் ஆகாது. பணியைப் பகிர்ந்துகொள்வதும் பயணத் திட்டமே.

சுமை குறைவாக இருத்தல் வேண்டும். குடிநீர், பாட்டியின் மருந்து, தொப்பி அல்லது குடை, விரித்து அமர ஒரு பழந்துணி, குப்பையைச் சேர்க்க ஒரு பை, சிறு முதலுதவிப் பொருள்கள் ஆகியன போதும். மருந்தை யாரிடம் கொடுப்பது என்பதையும் முன்கூட்டியே முடிவுசெய்ய வேண்டும். இல்லையெனில், வேளை வரும்போது அது எந்தப் பையில் இருக்கிறது என்று தேட நேரும்.

செலவைப் பொறுத்தவரை, பேருந்துக் கட்டணம், ஆட்டோ, நுழைவுக்கட்டணம், காலையுணவு, எதிர்பாராச் செலவு என ஐந்து தலைப்புகளில் மகள் கணக்கெழுதினாள். கடற்கரைக் கோவிலுக்கும் ஐந்து இரதங்களுக்கும் இந்தியத் தொல்லியல் துறை வழங்கும் ஒரே நுழைவுச்சீட்டு அந்நாள் முழுதும் செல்லும். 15 வயதுக்கு உட்பட்ட சிறுவர்க்குக் கட்டணம் இல்லை. கட்டணமும் பார்வை நேரமும் மாறக்கூடியவை ஆதலின் புறப்படும் முன் அவற்றைத் துறையின் இணையத்தளத்தில் உறுதிசெய்துகொள்வது நல்லது. வாடகை வேனைத் தவிர்த்தமையால் சென்ற ஆண்டைவிடச் செலவு குறைந்தது. "தறிக்கூலி ஒரு நாள் போனாலும் தாங்கிக்கொள்ளலாம்" என்று தந்தை மனநிறைவோடு கூறினார்.

கல்லைப் படித்தல்

ஓரிடத்தைப் பற்றிச் சிறிதேனும் அறிந்து செல்வோர்க்கு அவ்விடம் கூடுதலாகப் பேசும். பயணத்திற்கு முந்திய வாரம் மகள் நாள்தோறும் இரவு உணவின்போது ஒரு செய்தியை மட்டும் சொன்னாள். தந்தை, கல்கியின் 'சிவகாமியின் சபதம்' புதினத்தைத் தாம் இளமையில் படித்ததை நினைவுகூர்ந்தார். செய்திகளை அடுக்குவதைவிடத் தேடிக் கண்டுபிடிக்கும் வினாக்களை அமைத்தால் சிறுவர்க்கு ஆர்வம் பெருகும் என்பதால், தம்பிக்கென மூன்று வினாக்களை அவள் எழுதித் தந்தாள்.

முதல் வினா: 'தவம் செய்யும் பூனை எங்கே?' அர்ச்சுனன் தபசு என வழங்கும் பாறை ஏறத்தாழ 30 மீட்டர் நீளமுடையது. அதில் தேவர், முனிவர், வேடர், யானைகள், மான்கள் எனப் பல உருவங்கள் உள்ளன. நடுவிலுள்ள பிளவில் நாகர்கள் இருக்கின்றனர். மேலிருந்து நீர் வழிந்தோடும்படி அது அமைக்கப்பட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. ஒற்றைக்காலில் நின்று தவம் செய்பவன் அர்ச்சுனனா, கங்கையைக் கொணர்ந்த பகீரதனா என்பதில் அறிஞரிடையே இருவேறு கருத்துகள் உண்டு. அப்பெருங்காட்சியின் ஓரத்தில் முன்னங்கால்களை உயர்த்தி நிற்கும் பூனையும் அதனைச் சூழ்ந்த எலிகளும் உள்ளன. பெருந்தவத்தைச் செதுக்கிய அதே பாறையில் பொய்த்தவத்தையும் செதுக்கிய சிற்பியின் நகைச்சுவை வியக்கத்தக்கது.

இரண்டாம் வினா: 'யானைக்கு அருகில் யானையின் முதுகு போன்ற கோவில் எது?' ஐந்து இரதங்களில் நகுல சகாதேவ இரதத்தின் பின்புறம் வளைந்து யானையின் பின்புறத்தை ஒத்திருக்கும். இவ்வடிவத்தைத் தூங்கானை மாடம் என்பர். அதன் அருகிலேயே ஒரே கல்லில் செதுக்கிய முழு யானை நிற்கிறது. கட்டட வடிவையும் அதற்குப் பெயர் தந்த விலங்கையும் சிற்பி அருகருகே வைத்துள்ளான். திரௌபதி இரதம் கூரை வேய்ந்த குடிசைபோல் உள்ளது. மரத்தாலும் கூரையாலும் மக்கள் கட்டிய கட்டடங்களின் நினைவு இக்கற்களில் பதிந்துள்ளது. பஞ்சபாண்டவர் பெயர்கள் பிற்காலத்தில் வழங்கப்பட்டவை; இவை பாண்டவர்க்காக எழுப்பப்பட்டவை அல்ல.

மூன்றாம் வினா: 'எந்த வேலை முடியாமல் நின்றுவிட்டது?' இரதங்களின் கீழ்ப்பகுதிகள் சில முற்றுப்பெறவில்லை. பாறையின் உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கிவந்தனர் என்பதை இது காட்டுகிறது. முடிந்த சிற்பம் அழகைக் காட்டும். முடியாத சிற்பம் வேலையின் முறையைக் காட்டும்.

தெரிந்து தெளிவோம்

கடற்கரைக் கோவில் இராசசிம்மன் எனப்படும் இரண்டாம் நரசிம்மவர்மன் காலத்தில், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்டது. சிவனுக்குரிய இரு கருவறைகளுக்கு இடையே பள்ளிகொண்ட திருமாலின் உருவம் உள்ளது. உப்புக்காற்றால் சிற்பங்கள் தேய்ந்து வருவதால், அலைகளைத் தடுக்கக் கற்கள் இடப்பட்டும் காற்றைத் தடுக்கச் சவுக்கு மரங்கள் வளர்க்கப்பட்டும் கோவில் காக்கப்படுகிறது. 2004 டிசம்பர் 26 அன்று ஏற்பட்ட ஆழிப்பேரலையின்போது மணலில் புதைந்திருந்த சில சிற்பங்கள் வெளிப்பட்டன.

காக்கும் கடமை

ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக வெயிலையும் உப்புக்காற்றையும் தாங்கிய கல், ஓர் ஆணியால் கீறப்பட்ட பெயரைத் தாங்குவதில்லை. அக்கீறல் கல்லோடு நின்றுவிடும். சிற்பங்களின்மீது ஏறுதல், சாய்ந்து அமர்தல், எண்ணெய்க் கையால் தொடுதல், உணவுப் பொட்டலங்களை எறிதல் ஆகியன காலத்தைவிட விரைவாகக் கலையைச் சிதைக்கும். 1958ஆம் ஆண்டின் தொன்மைச் சின்னங்கள் பாதுகாப்புச் சட்டமும் அதன் 2010ஆம் ஆண்டுத் திருத்தமும் சின்னங்களைச் சேதப்படுத்துவோர்க்கு ஈராண்டு வரை சிறையோ, ஒரு இலட்சம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்க வழிசெய்கின்றன. மரபுச் செல்வத்தை மதித்துக் காப்பது இந்திய அரசமைப்பின் 51அ பிரிவு கூறும் அடிப்படைக் கடமைகளுள் ஒன்று.

கடலைக் கண்டு மகிழ்வதிலும் கட்டுப்பாடு வேண்டும். கடற்கரைக் கோவிலை ஒட்டிய கடலில் அலையின் இழுப்பு வலியது. கரையில் அமர்ந்து காண்பதே போதும். நீரில் இறங்குதல் கூடாது. இதனைப் பயணத்திற்கு முன்பே சிறுவர்க்குச் சொல்லிவைத்தால், அங்குச் சென்றபின் கடிந்துகொள்ள நேராது.

கல்லில் ஒரு கறவைப்பசு

குறித்த நாளில் ஐவரும் புறப்பட்டனர். திட்டம் முழுவதும் எழுதியவாறே நிகழவில்லை. பேருந்து அரைமணிநேரம் தாமதித்தது. காலையுணவுக்குத் தம்பி தோசையை இரண்டாம் முறையும் கேட்டான். ஆயினும், நிரலில் இடைவெளி இருந்ததால் எவரும் பதறவில்லை.

கிருஷ்ண மண்டபத்தில் கண்ணன் கோவர்த்தன மலையைக் குடையாகப் பிடித்திருக்க, ஆயர்கள் அதன்கீழ் அச்சமின்றித் தம் அன்றாட வேலைகளைப் பார்க்கின்றனர். ஒருவர் பசுவில் பால் கறக்கிறார். பசு தன் கன்றை நக்குகிறது. மற்றவர்கள் அதைக் கண்டு நகர்ந்துவிட்டனர். பாட்டி மட்டும் நின்றார். இளமையில் நான்கு மாடுகள் வைத்திருந்த வீட்டில் வாழ்ந்தவர் அவர்.

"கன்றை நக்கவிட்டால்தான் பசு பாலை அடக்காமல் சுரக்கும். இதைச் செதுக்கியவருக்கு மாட்டைத் தெரிந்திருக்கிறது" என்றார் பாட்டி.

தம்பி திரும்பி வந்தான். தந்தையும் வந்தார். பசுவின் கழுத்து வளைவையும், கன்றின் ஒட்டுதலையும், கறப்பவர் அமர்ந்திருக்கும் முறையையும் பாட்டி ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். மகள் படித்துவைத்திருந்த குறிப்புகள் எவற்றிலும் அச்செய்தி இல்லை. சென்ற ஆண்டு வேனின் சன்னலோரம் காத்திருந்தவர், இந்த ஆண்டு குடும்பத்திற்கு வழிகாட்டியானார். நிரலில் அந்த மண்டபத்திற்கு ஒதுக்கிய நேரம் இருமடங்காயிற்று.

பின்னர்க் கடற்கரையில் பாட்டி நெடுநேரம் அமர்ந்திருந்தார். அவர் தோளில் சாய்ந்து தாய் சிறிது கண்ணயர்ந்தார். பெரிய கல்லைத் தன் இரு கைகளாலும் தள்ளிப் பார்த்த தம்பி, அது அசையவில்லை என்று வந்து சொன்னான். மாலையில் ஐந்து இரதங்களின் முன் நின்ற தந்தை, தூண்களைத் தாங்கும் சிங்கங்களைத் தாளில் வரைந்துகொண்டார்.

வீடு திரும்பியபோது எட்டு மணி. "அடுத்த ஆண்டு புலிக்குகைக்குப் போகலாமா?" என்று முதலில் கேட்டவர் பாட்டி.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊருக்கு அருகில் உள்ள ஒரு வரலாற்றுச் சின்னத்திற்குக் குடும்பத்துடன் சென்றுவர ஒரு பக்க அளவில் நிகழ்நிரல் அமைக்க. உடன்வருவோர் ஒவ்வொருவரின் ஒரு விருப்பமேனும் அதில் இடம்பெற வேண்டும்.

2. உங்கள் வீட்டில் உள்ள முதியவர் ஒருவரிடம் அவர் இளமையில் கண்ட கோவில், கோட்டை, குளம் ஆகியவற்றுள் ஒன்றைப் பற்றிக் கேட்டறிந்து வகுப்பறையில் பகிர்க.

3. 'வரலாற்றுச் சின்னங்களில் செய்யத்தக்கன, செய்யத்தகாதன' என்னும் தலைப்பில் பத்து முழக்கத்தொடர்கள் எழுதி வகுப்பறையில் காட்சிப்படுத்துக.

மதிப்பீடு

குறுவினா
1. குடைவரை, ஒற்றைக்கல் கோவில் – வேறுபடுத்துக.
2. தூங்கானை மாடம் என்பது யாது?
3. பாட்டி பயணத்திற்கு வர மறுத்ததன் காரணம் என்ன?

சிறுவினா
1. கதிரவனின் போக்கை ஒட்டிப் பார்வையிடும் வரிசை எவ்வாறு அமைக்கப்பட்டது?
2. 'பணியைப் பகிர்ந்துகொள்வதும் பயணத் திட்டமே' – விளக்குக.
3. முற்றுப்பெறாத சிற்பங்கள் உணர்த்தும் செய்தி யாது?

நெடுவினா
1. 'குழுவின் வேகத்தை அதில் மெதுவாக நடப்பவரே முடிவுசெய்ய வேண்டும்' என்னும் கருத்தைப் பாடப்பகுதி கொண்டு நிறுவுக.
2. மாமல்லபுரத்தின் கலைச்சிறப்புகளையும் அவற்றைக் காப்பதில் மக்களின் கடமையையும் தொகுத்து எழுதுக.